புகை வந்தா குதிரைக்கு ஓய்வு, ஆளுக்கு முகமூடி



கோடை வந்துட்டா பே ஏரியாத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்கள்ல பயணத் திட்டங்கள் பறக்க ஆரம்பிச்சுடும். யோசெமிட்டி பார்த்தாச்சு, டாஹோ பார்த்தாச்சு, இப்போ குதிரை. பசிபிக் கரை மணல்ல சவாரி, அங்கேர்ந்து ரெட்வுட் காடு, புல்மேடு, கடைசியில சொனோமா, நாபா திராட்சைத் தோட்டங்கள். பகல் முழுக்க சேணத்து மேல, சாயங்காலம் ஒயின், ராத்திரி வெந்நீர்த் தொட்டி வச்ச விடுதி. நியூ ஜெர்சியிலேர்ந்தும் டெக்சஸிலேர்ந்தும் சொந்தக்காரங்க பறந்து வந்து சேர்ந்துக்கறாங்க, யாரோ ஒரு மாமாவோட ஐம்பதாவது பிறந்தநாளுக்கு.

போகாதீங்கன்னு சொல்ல வரலை. யார் எங்கே விடுமுறைக்குப் போனாங்க, எந்தக் கடையில காபி குடிச்சாங்கன்னு கணக்கெடுக்கறதையே அரசியல்னு நினைக்கற வியாதி நம்ம கூட்டங்கள்ல ஏற்கெனவே நிறைய இருக்கு. நீங்க போகலைன்னா அந்தக் குதிரை வேற ஒருத்தரைச் சுமக்கும், அவ்வளவுதான். நான் கேட்க வந்தது வேற. அந்த நிலத்துல தீ பிடிச்சா யாரை வெளியே அனுப்பறாங்க, யாரை உள்ளே அனுப்பறாங்க?

குதிரை மேல உக்காந்து திராட்சை வரிசைகளுக்கு நடுவுல போறவங்களுக்கு ஒரு ஆச்சரியம் இருக்கும்: தோட்டம் அப்படியே வெறிச்சோடிக் கிடக்கும், ஒரு ஆள் கண்ணுல படாது. விளம்பரப் படத்துல வர்ற அமைதி அதுதான். காரணம் ரொம்ப சாதாரணம். அறுவடைக் காலத்துல திராட்சையை ராத்திரியில பறிக்கறாங்க. குளிர்ல பறிச்சா பழம் கெட்டியா இருக்கும், சர்க்கரை அளவு மாறாது, ஆலைக்குப் போறதுக்குள்ள புளிக்க ஆரம்பிக்காது. அதனால நடு ராத்திரிக்கு மேல தலையில விளக்கைக் கட்டிக்கிட்டு, வளைஞ்ச கத்தியோட, டன் கணக்குல கூலி பேசி ஓட்டமும் நடையுமா பறிக்கறாங்க. நீங்க காலையில முட்டை தோசையோ பேன்கேக்கோ சாப்பிட்டுட்டு லாயத்துக்கு வரும்போது அவங்க போயிட்டிருப்பாங்க. பெரும்பாலும் மெக்சிகோவிலேர்ந்து வந்தவங்க; அதுல ஒரு பகுதி வஹாகா மாநிலத்துப் பூர்வகுடிகள். மிஷ்டெக், த்ரிக்கி, சாத்தினோன்னு அவங்களுக்குத் தனித்தனி மொழி உண்டு.

இப்போ தீக்கு வருவோம்.

2017 அக்டோபர் 8 ராத்திரி நாபா பக்கம் காலிஸ்டோகா கிட்ட கிளம்பின டப்ஸ் தீ, காத்தோட சேர்ந்து மலை தாண்டி, விடியறதுக்குள்ள சாண்டா ரோசா ஊருக்குள்ள நுழைஞ்சது. 22 பேர் செத்தாங்க. 5,600க்கும் மேல கட்டடம் போச்சு. 2019 அக்டோபர்ல கின்கேட் தீ. பிஜி அண்ட் இ கம்பெனியோட மின்கம்பியிலேர்ந்து வந்தது. 1,80,000 பேருக்கு மேல வீட்டை விட்டுக் கிளம்பச் சொன்னாங்க. கடலோரம் பாடேகா விரிகுடா வரைக்கும் காலி. அந்தக் குதிரைச் சவாரிப் பாதையோட சொனோமாப் பகுதியில நிறைய இடம் அந்த வரைபடத்துக்குள்ள வருது. 2020ல ஆகஸ்ட்ல மின்னல் தீ, செப்டம்பர் கடைசியில கிளாஸ் தீ. ரெண்டுமே அறுவடை நேரம்.

பழம் காத்திருக்காது. அதனால மாவட்டம் ஒரு ஏற்பாடு வச்சிருக்கு: வெளியேற்ற உத்தரவு போட்ட பகுதிக்குள்ள போய் வேலை பார்க்க விவசாய பாஸ். சும்மா சொன்னா நியாயமாத்தான் படும். மாட்டுக்குத் தண்ணி காட்டணும், கோழிக்குத் தீனி போடணும்னு ஆரம்பிச்ச யோசனை. ஆனா அதே பாஸ்ல திராட்சை பறிக்கவும் ஆளை அனுப்பினாங்க. விடுதிக்காரங்க விருந்தாளிங்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு கதவைப் பூட்டினாங்க. வீட்டுக்காரங்க காரை எடுத்துக்கிட்டு தெக்கே ஓடினாங்க. 2017ல சாண்டா ரோசா பொருட்காட்சி மைதானத்துல குதிரைகளுக்கு இடம் ஒதுக்கினாங்க. அது நல்ல காரியம், தன்னார்வலர்கள் இழுவை வண்டியோட உயிரைப் பணயம் வச்சு ஓட்டினாங்க, அதைக் குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா தீ வந்த வருஷங்கள்ல சாலையில எல்லாரும் ஒரு பக்கமா போகும்போது, எதிர்ப்பக்கமா ஒரு வேன் நிறைய ஆள் போனாங்கங்கறதை மறக்க முடியாது.

புகை கண்ணுக்குத் தெரிஞ்சா குதிரையை ஓட விடாதீங்க, வேலை வாங்கறதைக் குறைங்கன்னு யூசி டேவிஸ் கால்நடை மருத்துவர்கள் சொல்றாங்க. குதிரையோட நுரையீரல் அப்படிப்பட்டது. சரியான ஆலோசனை. மனுஷனுக்குக் கலிஃபோர்னியா 2019ல கொண்டு வந்த விதி என்னன்னா: காத்துத்தரக் குறியீடு 151ஐத் தொட்டா, முடிஞ்சா வேலை நேரத்தையோ இடத்தையோ மாத்தணும், என்95 முகமூடி கொடுக்கணும்; போட்டுக்கறது அவங்கவங்க இஷ்டம். 500ஐத் தாண்டினாத்தான் முகமூடி கட்டாயம். எந்த எண்ணுக்கு மேல வேலையை நிறுத்தணும்னு அதுல கிடையாது. பல மாநிலங்களோட ஒப்பிட்டா இது முன்னேறின விதிதான், தொழிலாளர்கள் போராடி வாங்கினதுதான். அப்பவும் அந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சா எனக்கு வயித்தைப் பிசையுது.

இன்னொரு ஜோடியும் இருக்கு. புகை பட்ட திராட்சையில சாம்பல் வாடை ஏறும், ஒயினுக்கு ஆகாது. 2020ல ஏகப்பட்ட பழம் பறிக்காமலே விட்டாங்க. அந்த நட்டத்துக்கு அரசு மானியத்தோட பயிர்க் காப்பீடு உண்டு. பறிக்காம விட்ட பழத்தோட சேர்ந்து போன கூலிக்கு? ஆவணமில்லாத தொழிலாளிக்கு வேலையிழப்பு உதவி கிடையாது. அதை மாத்தக் கொண்டு வந்த மசோதாவை 2022ல கவர்னர் நியூசம் வீட்டோ பண்ணினார். ஆக புகையால பழத்துக்கு நட்டம்னா பணம் வரும், பறிக்கறவருக்கு நட்டம்னா வராது. பிறகு ஏன் புகைக்குள்ள போறாங்கன்னு யாராவது கேட்டா, பதில் இதுதான். யாரும் துப்பாக்கி வச்சு அனுப்பலை. வாடகை அனுப்புது.

இதை எதிர்த்து அங்கேயே ஒரு போராட்டம் நடந்திருக்கு. நார்த் பே ஜாப்ஸ் வித் ஜஸ்டிஸ்ங்கற கூட்டமைப்பு தோட்டத் தொழிலாளர்களோட உக்காந்து பேசி அஞ்சு கோரிக்கை வச்சாங்க. ஆபத்து நேரத்துக்குக் கூடுதல் கூலி. வேலை போனா பேரிடர்க் காப்பீடு. உள்ளே என்ன நடக்குதுன்னு பார்க்க சமூகக் கண்காணிப்பாளர்கள். சுத்தமான தண்ணியும் கழிப்பறையும். பாதுகாப்புப் பயிற்சி அவங்கவங்க மொழியில. 2022ல சொனோமா மாவட்ட மேற்பார்வையாளர் குழு பாஸுக்கு ஒரு கொள்கை நிறைவேத்துச்சு. ஒயின் முதலாளிகள் சும்மா இருக்கலை, அவங்களும் வந்து பேசினாங்க. பயிற்சி, பதிவுன்னு சிலது வந்தது. கூடுதல் கூலி கட்டாயமாகலை.

கடைசிக் கோரிக்கையைப் படிச்சப்ப நம்ம ஆளுங்களுக்குப் புரியாம இருக்காது. ஊர்லேர்ந்து வந்த பாட்டியை எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போனா, இந்தியர்னு சொல்லி ஹிந்தி மொழிபெயர்ப்பாளரை போன்ல பிடிச்சுக் கொடுக்கறாங்களே, அதே கதைதான். மெக்சிகோன்னா ஸ்பானிஷ்னு முடிவு பண்ணி, மிஷ்டெக் மட்டும் தெரிஞ்ச ஆளுக்கு ஸ்பானிஷ்ல தீப் பயிற்சி. பாட்டிக்கு மாத்திரை மாறிப் போகும். இங்கே காத்து திசை மாறும்போது எந்தப் பாதையில ஓடணும்ங்கறது புரியாம போகும்.

விசா விஷயமும் அப்படித்தான். தோட்டத்துக்கு எச்-2ஏ விசாவுல வர்றவங்க எண்ணிக்கை கூடிக்கிட்டே போகுது. ஒரே முதலாளியோட கட்டிப் போட்ட விசா. வேலை போனா ஊருக்கு. தங்கற இடமும் முதலாளி கொடுக்கறதுதான், அதனால வேலையை விட்டா படுக்கையும் போச்சு. எச்-1பில இருந்துக்கிட்டு மேனேஜர்கிட்ட வாய் திறக்கப் பயந்த ராத்திரிகள் நம்மள்ல எத்தனை பேருக்கு உண்டு? நமக்காவது வேற கம்பெனிக்கு மாத்திக்கலாம், கிரீன் கார்டு வரிசைன்னு ஒண்ணு இருக்கு. நடுவுல ஆள் பிடிச்சுக் கொடுக்கற ஒப்பந்தக்காரருக்கு இலங்கையிலயும் மலாயாவுலயும் நம்ம முன்னோர் வச்ச பேர் கங்காணி. அந்தச் சொல்லைப் பாடப் புத்தகத்துல படிக்கறோம், ஹீல்ட்ஸ்பர்க் போற சாலையில பார்த்தா அடையாளம் தெரியறதில்ல.

குதிரையைப் பத்தியே கொஞ்சம் சொல்லணும். இந்த நிலத்துல அது வெறும் வாகனமா இருந்ததே இல்ல. ஸ்பானியர் ஆட்சியில பூர்வகுடிகள் குதிரை ஏறக் கூடாதுன்னு தடை. அப்புறம் மாடு மேய்க்க ஆள் பத்தலைன்னதும் வேலைக்காக மட்டும் ஏத்தி விட்டாங்க. நாபாவுக்கு வடக்கே கிளியர் லேக் ஏரிக்கரையில 1840களோட கடைசியில ஆண்ட்ரூ கெல்சி, சார்ல்ஸ் ஸ்டோன்னு ரெண்டு பண்ணைக்காரங்க போமோ மக்களை அடிமையா வச்சு வேலை வாங்கினாங்க. சாட்டையடி, பட்டினி. பசிக்கு மாடு அடிச்சுத் தின்னலாம்னு ரெண்டு போமோக்காரங்க ராத்திரியில முதலாளியோட குதிரைகளை எடுத்துட்டுப் போனாங்க. மழையில ஒரு குதிரை பிச்சுக்கிட்டு ஓடிடுச்சு. விடிஞ்சா உயிரோட விடமாட்டாங்கன்னு தெரிஞ்சு, அந்தப் பண்ணைக்காரங்க ரெண்டு பேரையும் கொன்னுட்டாங்க. அதுக்குப் பதிலா 1850 மே மாசம் அமெரிக்க ராணுவம் வந்து, பெரும்பாலும் அந்தக் குத்தத்துல சம்பந்தமே இல்லாத பெண்கள், குழந்தைகளோட ஒரு தீவையே அழிச்சது. 60 பேர்னும் 200 பேர்னும் கணக்கு சொல்றாங்க. வில்லியம் பென்சன்ங்கற போமோக்காரர் தன் மக்கள் வாய்வழியாச் சொன்னதை எழுதி வச்சதாலதான் அந்தக் குதிரை ஓடின கதை நமக்குத் தெரியும். பக்கத்து ஊருக்குக் கெல்சிவில்னு பேர் வச்சாங்க. அதுவும் இப்போ ஒயின் நாடுதான்.

இதைக் கேட்டு அமெரிக்கா எவ்வளவு மோசம்னு உச்சுக்கொட்டறதுக்கு முன்னால: 2018 மார்ச்ல குஜராத் பாவ்நகர் மாவட்டத்துல 21 வயசு தலித் இளைஞரைக் கொன்னாங்க. அவர் ஆசையா ஒரு குதிரை வச்சு ஓட்டிக்கிட்டிருந்தார். குதிரை ஏறக் கூடாதுன்னு மேல்சாதிக்காரங்க மிரட்டினாங்கன்னு அவரோட அப்பா சொன்னார். நம்ம ஊர்ல குதிரை கம்மி, அதனால சைக்கிள், செருப்பு, தோள்துண்டுன்னு கணக்கு வேற மாதிரி நடந்தது. யார் உசரத்துல உக்காரலாம், யார் நடந்து போகணும்ங்கற சண்டை நமக்குப் புதுசில்ல.

உசரம்னதும் ஹாஃப் மூன் பே. சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெக்கே ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். கடற்கரைக் குதிரைச் சவாரிக்கு நம்மள்ல பாதிப் பேர் போயிருப்போம். 2023 ஜனவரி 23ஆம் தேதி அங்கே காளான் பண்ணைகள்ல துப்பாக்கிச் சூடு, 7 தொழிலாளர்கள் செத்தாங்க. அதுக்கப்புறம்தான் வெளியே தெரிஞ்சது: சிலர் கப்பல் கன்டெய்னர்ல குடியிருக்காங்க, மணிக்கு 9 டாலர் கூலின்னு கவர்னரே சொன்னார். அன்னிக்கு மாநிலக் குறைஞ்சபட்சக் கூலி 15.50. ஊரே மெழுகுவத்தி ஏத்துச்சு. அப்புறம் வயசான பண்ணைத் தொழிலாளர்களுக்கு 40 வீடு, 5 மாடின்னு ஒரு திட்டம் வந்தப்போ, ரொம்ப உசரமா இருக்கு, பார்க்கிங் பத்தாதுன்னு திட்டக்குழுவுல இழுத்தடிச்சாங்க. கவர்னர் மிரட்டினப்புறம்தான் 2024 மே மாசம் ஒப்புதல் கிடைச்சது. கடலோரக் காட்சிக்குக் காசு கொடுக்கறோமே, அந்தக் காட்சி இப்படியும் காப்பாத்தப்படுது.

சரி, நாம என்ன பண்ணலாம். விருந்தாளியா போய் ஒயின்காரர்கிட்ட உங்க தொழிலாளிக்கு நல்ல கூலி கொடுக்கறீங்களான்னு விசாரிக்கறதுல பெருசா ஒண்ணும் நடக்காது. ஆமான்னு சொல்லி இன்னொரு கிளாஸ் ஊத்துவார். பிடி இருக்கற இடம் அந்த பாஸ்தான். அதைக் கொடுக்கறது மாவட்டம். கொடுக்கற நிபந்தனையை மாத்தறதும் மாவட்டம். வெளியேற்றப் பகுதிக்குள்ள ஆளை அனுப்பணும்னா கூடுதல் கூலி கொடுத்தே ஆகணும், மறுத்தா வேலை போகாதுன்னு எழுதிக் கொடுக்கணும், இல்லைன்னா பாஸ் இல்ல. ஒரு வரி மாத்தம். தொழிலாளி வந்து மைக்ல பேசினா அடுத்த நாள் வேலை போகலாம். 2025 குடியேற்ற ரெய்டுகளுக்கு அப்புறம் அதைவிட மோசமாவும் ஆகலாம். நம்மள்ல நிறைய பேருக்கு அந்தப் பயம் குறைவு. பொதுக்கருத்து சொல்ல குடியுரிமை தேவையில்ல, பேர் கூடச் சொல்ல வேண்டியதில்ல. எஸ்பி 403 சாதி மசோதாவுக்காக 2023ல சாக்ரமெண்டோவுல வரிசையில நின்ன தோழர்களுக்கு இந்த வேலை நல்லாவே தெரியும்.

மேற்பார்வையாளர் குழு சாண்டா ரோசாவுல கூடுது, வழக்கமா செவ்வாய்க்கிழமைகள்ல. அறுவடை ஆகஸ்ட்ல தொடங்குது, அதுக்கு முன்னாடியே போகணும். முதல்ல நார்த் பே ஜாப்ஸ் வித் ஜஸ்டிஸ்காரங்ககிட்ட பேசுங்க. அவங்க சொல்ற நாள்ல, அவங்க சொல்ற கோரிக்கையோட போங்க. நாமளா புதுசா ஒண்ணு கண்டுபிடிக்க வேண்டாம். ஃப்ரீமாண்ட்லேர்ந்து காலையில 6 மணிக்குக் கிளம்பினா டிராஃபிக்கோட சேர்த்துப் போய்ச் சேர்ந்துடலாம். ரெண்டு, மூணு நிமிஷம்தான் பேச விடுவாங்க. அந்த வாரம் குதிரைச் சவாரிக்கு வந்திருக்கற சொந்தக்காரங்களையும் கூட்டிட்டு வாங்க, பூட்ஸோடயே வரலாம்.