தாருக்கு எதற்கு இத்தனை உயரம்?

பேரன் மஹிந்திரா தார் வாங்கியிருக்கிறான். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, "ரெண்டு இஞ்ச் தூக்கி, 33 இஞ்ச் மட் டயர் போடப்போறேன் தாத்தா" என்கிறான். வேண்டாம் என்றேன். கிழவன் பயப்படுகிறான் என்று நினைத்திருப்பான்.

பயமில்லை. நாலு பக்கமும் லீஃப் ஸ்பிரிங் வைத்த அரசு ஜீப்பில் சேற்றில் உருண்டவன் நான். சிக்கினால் முதலில் தட்டுவது பின் ஆக்சில் நடுவில் தொங்கும் குண்டு. ஸ்பிரிங்கைத் தூக்கினால் பாடிதான் உயரும். குண்டு அங்கேயேதான் இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டுமே. கம்பெனி கொடுத்த 255/65 ஆர் 18 டயரே கிட்டத்தட்ட 31 இஞ்ச். 33 போட்டால் குண்டு உயர்வது ஒரே ஒரு இஞ்ச்!

இவன் போவது எங்கே? மாதம் ஒருமுறை கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவு, அத்தனையும் தார் ரோடு. மட் டயரின் கட்டைகளுக்கு நடுவே பெரிய இடைவெளி; மழையில் தாரைத் தொடும் ரப்பர் குறைவு, பிரேக் பிடித்தால் வழுக்கும். உயரம் கூடிய வண்டி வளைவில் சாயும். முன்சக்கர டிரைவ் ஷாஃப்ட் கோணலாகி ரப்பர் பூட் கிழியும். ஆர்.சி.க்கு மாறாக வண்டியை மாற்றினால் சட்டச் சிக்கல் வேறு.

அதே அளவில் ஆல் டெரெய்ன் டயர், தேவைப்பட்டால் நல்ல ஷாக் அப்சார்பர். சேற்றில் காற்றைக் குறை, தார் ரோட்டுக்கு வந்ததும் நிரப்பு. போதுமடா என்றேன். பாட்டிக்கு இப்போதே ஏற ஸ்டூல் வேண்டியிருக்கிறது.

டயர் கடையில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டானாம். திருப்பித் தருவார்களா என்று கேட்கப் போயிருக்கிறான்.