எது நஞ்சு?

மரபணு மாற்றிய பயிர் நன்மையா, தீமையா என்னும் வாதம் உலகெங்கும் நடைபெறுகின்றது. மனித குலத்துக்கு நேர்ந்த கேடு என்கின்றனர் ஒரு சாரார். பசிப்பிணிக்கு வாய்த்த மருந்து என்கின்றனர் மறு சாரார். இவ்விரு சாராரின் ஆரவாரத்துக்கிடையே, எந்த விதைக் கம்பனியும் படைக்காத பழைய நஞ்சொன்று கமக்காரனின் சாக்கினுள் குடியிருப்பதைப் பலர் மறந்துவிட்டனர். தானியத்திற் பற்றும் பூஞ்சணம் சுரக்கும் நஞ்சையே குறிப்பிடுகின்றோம்.

1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாது மாண்டன. அவற்றின் தீவனத்திற் கலந்திருந்த பிரேசில் நாட்டு நிலக்கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தபோதே அஃப்லடொக்சின் என்னும் நஞ்சு வெளிப்பட்டது. அது ஈரலிற் புற்றுநோயை உண்டாக்கும் என்பது இன்று ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளது. 2004 இல் கென்யாவின் கிழக்குப் பகுதியில் 317 பேர் இந்நஞ்சினால் நோயுற்றனர். அவர்களில் 125 பேர் இறந்தனர். அவர்கள் உண்டது எது? பெரும்பாலும் தாமே விளைத்து, ஈரம் உலருமுன் வீட்டிற் சேமித்த சோளம். அது மரபணு மாற்றிய சோளமன்று.

மறுபக்கத்தையும் பார்ப்போம். மண்ணில் வாழும் ஒரு பற்றீரியாவின் மரபணுவைச் சேர்த்த சோளம் 1996 முதல் அமெரிக்காவிற் பயிரிடப்படுகின்றது. தண்டையும் கதிரையும் துளைக்கும் புழுக்களை அது கொல்லும். பியூமோனிசின் என்னும் மற்றொரு நஞ்சைச் சுரக்கும் பூஞ்சணத்துக்குப் புழு துளைத்த காயமே முக்கிய வாயிலாகும். காயம் குறைய நஞ்சும் குறைகின்றது. 21 ஆண்டுக் கள ஆய்வுகளைத் திரட்டி இத்தாலிய ஆய்வாளர் 2018 இல் வெளியிட்ட கணக்கின்படி, இத்தகைய சோளத்திற் பியூமோனிசின் ஏறத்தாழ 30 வீதம் குறைந்திருந்தது.

மரபணு மாற்றத்தை எதிர்ப்போர் இச்சான்றை மறைத்தல் நேர்மையாகாது. சான்று சொல்லாததை ஆதரவாளர் சொல்ல வைப்பதும் அத்தகையதே. அஃப்லடொக்சின் வரட்சியாலும் வெப்பத்தாலும் வாடிய பயிரிலும், ஈரமுள்ள களஞ்சியத்திலும் பெருகுவது. புழுவை மட்டும் ஒழிப்பதால் அது ஒழியும் என்பதற்கு உறுதியில்லை. அந்நஞ்சு உருவாவதையே தடுக்கும் சோளமும் நிலக்கடலையும் 2017 இல் ஆய்வுகூடங்களில் ஆக்கப்பட்டன. எனினும் ஆய்வுகூடத்து வெற்றி வயலின் வெற்றியாகிவிடாது. விதையின் விலை என்ன, மறுபோகத்துக்கு அதைச் சேமிக்கும் உரிமை எவருக்கு என்னும் வினாக்களும் விடை வேண்டி நிற்கின்றன.

எவருடைய வழக்காயினும் சான்றுகளை ஒரே தராசில் நிறுக்க வேண்டும் என்பது நீதியின் முதல் விதி. இலங்கையில் மரபணு மாற்றிய உணவின் இறக்குமதி, விற்பனை, அடையாளச்சீட்டு ஆகியவை பற்றி 2006 இல் ஒழுங்குவிதிகள் இயற்றப்பட்டன. நன்று. ஆனால், 2021 மார்ச் மாதத்தில் இந்நாட்டு மக்களைக் கலங்க வைத்தது எது? இறக்குமதியான தேங்காய் எண்ணெயிற் கண்ட அஃப்லடொக்சின் அன்றோ! துறைமுகத்துக்கு வந்த எண்ணெய் சோதனையில் அகப்பட்டது. கிராமத்துச் சோளத்தையும் கச்சானையும் சோதிப்பவர் யார்? இந்நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை. அடுப்பிலேற்றினும் முற்றாக அழிவதில்லை.

ஆதலால், விதையின் பிறப்பை விசாரிப்பதோடு நில்லாது, மணியில் உள்ள நஞ்சை அளந்து தீர்ப்பளிக்க வேண்டும் என்கிறோம். அறுவடைக் காலத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் சோதனை வசதி வேண்டும். கமக்காரர் அமைப்புகளிடம் ஈரமானியும் உலர்த்தும் களமும் இருத்தல் வேண்டும். நஞ்சேறிய தானியத்தை ஒப்படைப்பவனுக்கு ஈடாக நல்ல தானியமோ இழப்பீடோ வழங்க வேண்டும். ஈடின்றிப் பறித்தால், பசித்தவன் அதை ஒளித்து வைத்தே உண்பான். சட்டம் அவனைத் தண்டிக்கலாம், காப்பாற்றாது.

கமக்காரர் அரசாங்கத்தின் வரவுக்காகக் காத்திருத்தல் வேண்டா. அறுத்ததை வெறுந்தரையிற் போடாது படங்கு விரித்து உலர்த்துங்கள். சோளத்தின் ஈரம் 13 வீதத்துக்கு மேற்படாத பின்பே சாக்கிற் கட்டுங்கள். சுருங்கியதையும் நிறம் மாறியதையும் பொறுக்கி நீக்குங்கள். அவற்றை மாட்டுக்கும் இடாதீர்கள். நஞ்சு பாலில் இறங்கிக் குழந்தையை வந்தடையும்.

கற்றோருக்கும் ஒரு கடமை உண்டு. சந்தைப் பண்டங்களின் சோதனை முடிவுகளை மக்கள் அறிய வெளியிடுமாறு மருத்துவரும் ஆசிரியரும் சட்டத்தரணிகளும் ஒன்றுபட்டுக் கேட்க வேண்டும். தன் பிள்ளைக்கு ஊட்டும் மாவில் என்ன இருக்கிறதென்று அறிய ஒவ்வொரு தாய்க்கும் உரிமையுண்டு. அவ்வுரிமையை வாதிட்டுப் பெறுவோமாக.