கொடுப்பவரை யார் காப்பது?

ஒருவரை வாழவைப்பதற்காக இன்னொருவர் தன் உடம்பின் ஒரு பகுதியைக் கொடுப்பது மனிதர் செய்யக்கூடிய பெரிய கொடைகளுள் ஒன்று என்பதை எவரும் மறுக்கமாட்டார்கள். 1954ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் இரட்டைச் சகோதரருள் ஒருவரின் சிறுநீரகம் மற்றவருக்குப் பொருத்தப்பட்டது. உலகில் வெற்றியளித்த முதலாவது சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை இதுவே. அதை முன்னின்று நடத்திய வைத்தியர் ஜோசப் மரே 1990இல் நோபல் பரிசு பெற்றார். இன்று சிறுநீரகம் மட்டுமன்றி, ஈரலின் ஒரு பகுதியும் நுரையீரலின் ஒரு பகுதியும்கூட உயிரோடிருப்பவரிடமிருந்து பெறப்படுகின்றன.

எனினும் இந்தச் சிகிச்சைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. மற்றச் சத்திரசிகிச்சைகளில் நோயுள்ளவரின் உடலில்தான் கத்தி படும். இங்கோ எந்த நோயுமில்லாத ஒருவரும் மேசையில் படுக்கிறார். அவருடைய உடலுக்கு இதனால் ஒரு நன்மையுமில்லை. எனவே வைத்தியரின் பொறுப்பு இருவர் மீதும் உண்டு. கொடுப்பவரின் பாதுகாப்பே முதலாவது என்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட நெறி. கொவிட் தொற்றுக் காலம் இந்த நெறியைக் கடுமையாகச் சோதித்தது. அச்சோதனையில் விவசாயக் குடும்பங்களாகிய நாம் அறியவேண்டிய பாடங்கள் உள்ளன.

2020இல் நடந்தது

2020 மார்ச்சில் தொற்று உலகெங்கும் பரவியபோது வைத்தியசாலையே ஆபத்தான இடமாயிற்று. சுகதேகியான ஒருவரை அங்கு அழைத்துச் சென்று தொற்றுக்கு உள்ளாக்குவது நியாயமா என்ற கேள்வி எழுந்தது. பிரித்தானியாவில் உயிருள்ளோர் சிறுநீரகம் வழங்கும் திட்டம் ஏறக்குறைய முற்றாக நின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 2019இல் ஏறத்தாழ 7,400 பேர் உயிரோடிருக்கையில் உறுப்பு வழங்கினர். 2020இல் அத்தொகை ஏறத்தாழ 5,700 ஆகக் குறைந்தது. இந்தியாவில் எல்லா வகை உறுப்பு மாற்றுகளும் சேர்ந்து ஒரே ஆண்டில் 12,600 அளவிலிருந்து 7,400 அளவுக்கு வீழ்ந்தன. அங்கு பெரும்பாலான உறுப்புகள் உயிருள்ள உறவினரிடமிருந்தே கிடைப்பவை.

ஆரம்பத்தில் நிறுத்தியது சரியே என்பது எமது கருத்து. ஆனால் நிறுத்தியதற்கும் ஒரு விலை இருந்தது. சிறுநீரகம் செயலிழந்தவர் வாரத்தில் இரண்டு மூன்று தடவை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போயே ஆகவேண்டும். ஊரடங்கானாலும் பஸ் ஓடாவிட்டாலும் அவர் வீட்டிலிருக்க முடியாது. பலர் கூடும் அறையில் மணிக்கணக்காக இருந்த இந்நோயாளருள் தொற்று ஏற்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முதலாவது அலையில் இறந்ததாக ஐரோப்பியக் கணக்குகள் காட்டின. மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் முழுப் பாதுகாப்பு இருக்கவில்லை. புதிய உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்க அவர்கள் ஆயுள் முழுவதும் எடுக்கும் மருந்து நோயெதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால், தடுப்பூசியும் அவர்களுக்குக் குறைவாகவே வேலை செய்தது. ஆகவே கொடுப்பவரையும் பெறுபவரையும் முன்கூட்டியே பரிசோதித்து, தனிமைப்படுத்தி, தொற்றாளர் இல்லாத தனிப் பகுதியில் சிகிச்சையளிக்கும் முறைகள் படிப்படியாக உருவாகின. இன்னொரு தொற்று வந்தால் இந்த ஏற்பாடுகள் முதல் நாளிலிருந்தே ஆயத்தமாக இருக்கவேண்டும்.

ஒரு கணவரும் ஒரு மகனும்

2021 ஏப்ரலில் யப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக வைத்தியசாலையில் நடந்த சிகிச்சை உலகின் கவனத்தை ஈர்த்தது. கொவிட் நோயால் இரு நுரையீரல்களும் பழுதடைந்த ஒரு பெண்ணுக்கு, கணவரும் மகனும் தத்தம் நுரையீரலின் ஒரு பகுதியைக் கொடுத்தனர். சத்திரசிகிச்சை ஏறத்தாழ 11 மணித்தியாலம் நீடித்தது. கொவிட் நோயாளிக்கு உயிருள்ளோரின் நுரையீரல் பொருத்தப்பட்டது உலகில் அதுவே முதற்தடவை என அவ்வைத்தியசாலை அறிவித்தது.

ஈரலின் ஒரு பகுதியை வெட்டினால் அது திரும்ப வளரும். நுரையீரல் அப்படி வளராது. கணவரும் மகனும் தமது மூச்சுப் பலத்தில் ஒரு பங்கை நிரந்தரமாக இழப்பார்கள். அது அவர்களுக்குச் சொல்லப்பட்டது; தெரிந்தே சம்மதித்தார்கள். ஒரு தரகரும் அவர்களிடம் வரவில்லை. எந்தக் கடன்காரரும் வாசலில் நிற்கவில்லை. இதுவே உண்மையான கொடை.

நெருக்கடியில் பெறும் சம்மதம்

ஆனால் எல்லாச் சம்மதமும் இப்படிப்பட்டதல்ல. 2004 கடற்கோளின்பின் சென்னையின் வடக்கே எர்ணாவூரில் குடியேற்றப்பட்ட மீனவக் குடும்பங்களை எண்ணிப்பாருங்கள். கடலையும் தொழிலையும் விட்டுத் தூரத்தில் வைக்கப்பட்ட அவர்களுள் பல பெண்கள் கடன் தாங்காமல் தம் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2007இல் வெளியானது. எமது நாட்டிலும் பொருளாதார நெருக்கடி உச்சத்திலிருந்த 2022ஆம் ஆண்டு, பணம் தருவதாகச் சொல்லிச் சிறுநீரகத்தைப் பெற்றுவிட்டு ஏமாற்றியதாகக் கொழும்பின் வறிய மக்கள் சிலர் பொலிசில் முறையிட்டனர். இடம்பெயர்வு, நோய்த்தொற்று, விலையேற்றம் என்று எந்தப் பெயரில் நெருக்கடி வந்தாலும் அதன் பின்னால் தரகர் வருகிறார்.

"அவன் உடம்பு, அவன் விற்கிறான், ஒருவர் பிழைக்கிறார், மற்றவரின் கடன் தீருகிறது, இதில் என்ன தவறு?" என்று கேட்போர் உண்டு. இதற்குச் சென்னையில் 2001இல் நடந்த ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. சிறுநீரகம் விற்ற 305 பேரை ஆய்வாளர் சந்தித்தனர். நூற்றுக்கு 96 பேர் கடனைத் தீர்க்கவே விற்றவர்கள். நூற்றுக்கு 74 பேர் அப்போதும் கடனிலேயே இருந்தார்கள். குடும்ப வருமானம் சராசரி மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தது. நூற்றுக்கு 79 பேர் இதை வேறெவருக்கும் சிபாரிசு செய்யமாட்டோம் என்றார்கள். உடல் தேய்ந்தது, உழைப்புக் குறைந்தது, கடன் நின்றுவிட்டது. இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழைய மாற்றுச் சட்டம் உறுப்பு விற்பனையைத் தடைசெய்கிறது. ஆனால் பசித்தவர் வீட்டுக்குச் சட்டப் புத்தகத்தைவிடத் தரகரே முதலில் வந்து சேருகிறார்.

எமது வயலும் எமது சிறுநீரகமும்

இது தூரத்துச் செய்தியல்ல. 1990களிலிருந்து பதவியா, மெதவாச்சி போன்ற நெற்செய்கைப் பகுதிகளில் காரணம் உறுதியாகக் கண்டறியப்படாத ஒரு சிறுநீரக நோய் விவசாயிகளைப் பீடித்து வருகிறது. வவுனியா மாவட்டமும் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று. குடிநீர், கடும் வெயில், விவசாய இரசாயனங்கள் எனப் பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. இங்கு உறுப்புக் கொடைக்கு ஒரு விசேட சிக்கல் உண்டு. அண்ணனுக்கு நோய் வந்தால் கொடுக்க முன்வருபவர் தம்பி. இருவரும் ஒரே கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்கள். ஒரே வயலில் வெயில் காய்ந்தவர்கள். தம்பியின் சிறுநீரகமும் வெளியில் தெரியாமல் பழுதடையத் தொடங்கியிருக்கலாம். ஆகவே இப்பகுதிகளில் கொடுப்பவரை இருமடங்கு கவனமாகப் பரிசோதிக்கவேண்டும்.

தகுந்த பரிசோதனையுடன் செய்தால் கொடுப்பவருக்கு ஆபத்து மிகக் குறைவு என்பதையும் சொல்லவேண்டும். சிறுநீரகம் கொடுத்தவருள் இதனால் இறந்தவர்கள் 10,000 பேருக்கு மூவர் அளவில் இருந்தனர். அண்மைக்கால அமெரிக்கக் கணக்கில் ஒருவருக்கும் குறைவு. பயந்து ஒதுங்கத் தேவையில்லை. ஆனால் கூலிக்காரக் குடும்பத்தில் வேறோர் இழப்பு உண்டு. கொடுத்தவர் ஏறத்தாழ ஆறு வாரம் நெல் மூட்டை தூக்கவோ மருந்தடிக்கும் மெஷினைச் சுமக்கவோ கூடாது. நோயாளியும் உழைக்க முடியாது. விதைப்புக் காலமானால் ஒரு போகமே கைவிட்டுப்போகும். இந்த இழப்பைக் கணக்கிலெடுக்காமல் "கொடுங்கள்" என்று போதிப்பது பொறுப்பாகாது.

செய்யக்கூடியவை

உறவினர் உறுப்புக் கொடுக்கும்போது பிரயாணச் செலவையும் இழந்த கூலியையும் அரசு ஈடுசெய்யவேண்டும். இது விலையல்ல, கொடுத்தவர் நட்டப்படாமல் பார்ப்பது. கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் அந்த ஆறு வாரமும் முறைவைத்து அவ்வயலைப் பார்க்கலாம். எம்மவர்க்கு ஒருவருக்கொருவர் வயலில் கைகொடுப்பது புதிதல்லவே.

குடும்பத்துக்குள்ளும் ஒரு நீதி வேண்டும். தாயையோ, மணமாகாத தங்கையையோ, வருமானமில்லாத மருமகளையோ பார்த்து "நீதானே வீட்டிலிருக்கிறாய்" என்று நெருக்குவது சம்மதமாகாது. வைத்தியர் அவரைத் தனியே அழைத்துக் கேட்கவேண்டும். அவர் மறுத்தால் காரணம் கேளாமல் ஏற்கவேண்டும்.

வெளியாள் ஒருவர் வந்து காசு பேசினால், விளங்காத பாஷையில் எழுதிய கடதாசியில் கையொப்பம் கேட்டால், உறவினர் என்று பொய் சொல்லச் சொன்னால், அங்கேயே நிறுத்துங்கள். கிராம அலுவலரிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ சொல்லுங்கள். கடன் உள்ள வீட்டை அக்கம்பக்கத்தார் தனியே விடாதிருந்தால் தரகருக்கு அங்கே வேலையில்லை.

வீட்டையும் வயலையும் விட்டு வெறுங்கையோடு நடந்த எம்மக்களிடம் எஞ்சியிருந்தது உழைக்கும் உடம்பு ஒன்றுதான். அதிலிருந்து ஒரு பகுதியை அன்பினால் கொடுக்க முன்வருபவரைப் போற்றுவோம். போற்றுவதோடு நில்லாமல், கொடுத்தபின் அவர் நலமாக எழுந்து தன் வயலுக்குத் திரும்புவதையும் உறுதிசெய்வோம்.