முகத்துக்கு எத்தனை வெயில்?

கம்பம் பள்ளத்தாக்கில் மாலை சீக்கிரமே வந்துவிடும். மேற்கு மலைத்தொடர் கதிரவனை மறைத்த பின்னும் வானம் வெகுநேரம் வெளிச்சமாக இருக்கும். முகங்களைப் படமெடுக்க அதைவிட நல்ல பொழுதில்லை. நம் படக்காரர்களோ நடுப்பகலில் வெள்ளி ரிஃப்ளெக்டருடன் தோட்டத்தில் இறங்குகிறார்கள். நானும் அப்படி இறங்கியவன்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டம். குலை வெட்டிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரைப் பந்தலின் ஓரத்துக்கு வரச்சொல்லி, நண்பரைக் கீழிருந்து ரிஃப்ளெக்டரைக் காட்டச் செய்தேன். அவர் கண்கள் கலங்கின. "ஏந்தம்பி, மேல ஒரு வெயிலு போதாதுன்னு கீழ வேற ஒண்ணு காட்டுறியா?" என்றார். படத்தில் அவர் முகம் வெளுத்திருந்தது. மூக்கின் நிழல் நெற்றியை நோக்கி ஏறியிருந்தது. பார்த்த அவரது பேத்தி, "ஆத்தா நல்லா கலரா இருக்கு" என்றாள். அந்தப் பாராட்டுதான் இன்றுவரை உறுத்துகிறது.

ரிஃப்ளெக்டரின் வேலை முகத்தை வெளுப்பாக்குவதன்று. வெயிலுக்கும் நிழலுக்கும் உள்ள இடைவெளியைக் கண் தாங்கும். கேமரா அந்த அளவு தாங்காது. நிழல்பக்கத்தில் சிறிது ஒளி சேர்த்து அந்த இடைவெளியைக் குறைப்பதே அதன் பணி. கருத்த சருமத்தின் அழகு அதன் மினுக்கத்திலும் நிழல்களின் படிநிலையிலும் இருக்கிறது. வெள்ளித்தாள் அவற்றைத் துடைத்துவிடுகிறது.

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு வெள்ளை வேட்டியோ தெர்மாகோல் அட்டையோ போதும். (வைகை அணையில் 2017-இல் மிதந்த தெர்மாகோலை நினைத்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், ஒளிக்கு அது உண்மையாகவே உதவும்.) அதை முகத்துக்குப் பக்கவாட்டில், மார்புயரத்துக்குக் குறையாமல் பிடிக்கவேண்டும். பரப்பு பெரிதாகவும் அருகிலும் இருந்தால் ஒளி மென்மையாகும். பந்தலின் கீழ் இலைகளின் பச்சை முகத்தில் படியும். வெளிவெயிலைத் துணியில் வாங்கி உள்ளே திருப்பினால் அது தணியும். சுண்ணாம்படித்த சுவர் எதிரே இருந்தால் துணியும் தேவையில்லை.

சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வில் (1956) சுப்ரதா மித்ரா செய்ததும் இதன் உறவுதான். ஸ்டுடியோவில் எழுப்பிய காசி வீட்டு முற்றத்தின் மேல் துணியைக் கட்டி, விளக்கொளியை அதில் மோதித் திரும்பவைத்தார். செயற்கை விளக்கை வானொளிபோல் ஆக்க அவர் பாடுபட்டார். நாமோ கிடைத்த வானொளியை விளக்குபோல் ஆக்கப் பாடுபடுகிறோம்!

அல்லிநகரத்துப் பாரதிராஜா '16 வயதினிலே' (1977) எடுத்து, தமிழ்த்திரையைக் கிராமத்தை நோக்கித் திருப்பினார். கிராமத்து முகங்களைத் திரை ஏற்றுக்கொண்டது. அவற்றின் நிறத்தை நம் கேமராக்கள் முழுதாக ஏற்றுக்கொண்டுவிட்டனவா என்பதில் எனக்கு ஐயமுண்டு.

நடுப்பகலில்தான் ஆள் கிடைக்கிறார், என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவரை நிழலுக்கு அழைத்துச் செல்லுங்கள். அல்லது வேலை முடியும்வரை காத்திருங்கள். படம் நமக்கு வேண்டியது. வெயிலைத் தாங்கவேண்டியவர் அவரல்லர்.