குத்துபவனும் கூலிக்காரன், சாகிறவனும் கூலிக்காரன்

பணத்துக்காக நடத்தப்படும் குத்துச்சண்டையை ‘வீர விளையாட்டு’ என்று முதலாளிப் பத்திரிகைகள் புகழ்கின்றன. ஏழை வீட்டுப் பிள்ளை லட்சாதிபதியாக இது நல்ல வழி என்றும் எழுதுகின்றன. அந்த வழியில் போன இருவரின் கதி என்ன?

பென்னி பாரெட் கியூபாவில் பிறந்தவர். சிறு வயதில் கரும்புத் தோட்டத்தில் பாடுபட்டவர். எமில் கிரிஃபித் வர்ஜின் தீவுகளிலிருந்து நியூயார்க் வந்து தொப்பித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவரது தோள் வலுவைக் கண்ட தொழிற்சாலை முதலாளி அவரைப் பயிற்சிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். பின்னர் அவருக்கு மானேஜருமானார்.

1962 மார்ச் 24 இரவு, நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் இவ்விருவரும் உலகப் பட்டத்துக்காக மோதினார்கள். 1961 டிசம்பரில்தான் பாரெட், தம்மைவிட எடை கூடிய ஜீன் ஃபுல்மரிடம் பலமாக அடிபட்டு வீழ்ந்திருந்தார். நான்கு மாதம்கூட ஆகவில்லை, மறுபடி மேடையேற்றினார்கள். 12-வது சுற்றில் அவர் மூலைக் கயிற்றில் சிக்கினார். விழவும் வழியில்லாமல் நின்றவர் தலையில் அடிமேல் அடி விழுந்தது. டெலிவிஷன் அதை வீடு வீடாகக் காட்டியது. பத்து நாள் நினைவு திரும்பாமல் கிடந்து, ஏப்ரல் 3-ந் தேதி தமது 25-வது வயதில் மாண்டார். கர்ப்பிணி மனைவியும் சின்னஞ்சிறு மகனும் அநாதையானார்கள்.

விசாரணை நடந்தது. நடுவர் மீது குற்றமில்லை என்றார்கள். அப்படியானால் குற்றவாளி கிரிஃபித்தா? அவரும் கூலிக்குக் குத்தியவர்தானே! அந்தச் சாவு கடைசிவரை அவர் மனதை அரித்தது. முதுமையில் நினைவு தடுமாறும் மூளை நோயில் வாடி, 2013-ல் அவரும் மறைந்தார்.

ஆலையில் இயந்திரம் கையை நசுக்கினால் அதை விபத்து என்கிறோம். அதற்கு முதலாளி நஷ்டஈடு தரவேண்டும் என்று நம் நாட்டில் 1923-லேயே சட்டம் வந்தது. பந்தய மேடையிலோ அடிபடுவது விபத்தல்ல. அதுவே விற்பனைச் சரக்கு! எதிராளி நினைவிழந்து விழுவதைப் பார்க்கத்தான் டிக்கெட் விற்கிறது.

1962-ல் கியூபாவின் புரட்சி சர்க்கார் இந்த வியாபாரத்தைத் தடை செய்தது. விளையாட்டைத் தடை செய்யவில்லை. அங்கே வளர்ந்த தியோஃபிலோ ஸ்டீவன்சன் 1972, 1976, 1980 ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்றார். டாலரை அள்ளித் தருகிறோம் என்று பந்தயக்காரர்கள் அழைத்தார்கள். தம் மக்களின் அன்பே பெரிதென்று அவர் மறுத்துவிட்டார்.

2022-ல் கியூபாவே தன் வீரர்களைத் தொழில்முறைப் போட்டிக்கு அனுமதித்ததே என்று சிலர் கைகொட்டிச் சிரிக்கலாம். வீரர்கள் பலர் பணத்தை நாடி நாட்டைவிட்டுப் போன பிறகு வந்த முடிவு அது. டாலர் சந்தையின் பலத்தை அது காட்டுகிறது. அந்தச் சந்தையின் நியாயத்தை அல்ல.

தோழர்களே! கையுறை மாட்டும் வாலிபனை நாம் இகழவில்லை. அவன் நம் வீட்டுப் பிள்ளை. உடற்பயிற்சியும் வீரமும் உழைக்கும் மக்களுக்கு வேண்டும். மைதானமும் ஓய்வு நேரமும் வேண்டும். பணத்துக்காக மேடையேறுகிறவனுக்குச் சங்கம் வேண்டும், ஆயுள் முழுவதும் வைத்தியம் வேண்டும், சண்டையை நிறுத்த டாக்டருக்கு அதிகாரம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மண்டையை விற்காமல் பிழைக்க அவனுக்கு வேலையும் நிலமும் நியாயமான கூலியும் வேண்டும். அவை கிடைக்கும் நாளில், சாகும்வரை அடிபட எந்த ஏழையும் வரமாட்டான்!