பென்டாமீடியாவும் உச்சிப்பிள்ளையாரும்

பிக்ஸார் பத்தி பக்கம் பக்கமா எழுதறோமே, நம்ம சென்னை பென்டாமீடியாவை யாராச்சும் நினைக்கறோமா? 2000-லயே 'பாண்டவாஸ்' எடுத்தாங்க. சிறந்த இங்கிலீஷ் படத்துக்கான தேசிய விருதும் கிடைச்சுது. அதே வருஷம் அமெரிக்கக் கூட்டோட 'சிந்துபாத்'. நடிகர்களோட அசைவைப் பதிவு பண்ணி, அதை வெச்சே செஞ்ச முழுநீளப் படம். பெரிசாப் பேசப்பட்ட 'ஃபைனல் ஃபேன்டஸி' வந்தது 2001-லதான்!

என் ஆதங்கம் கதையிலதான். அடுத்தும் அலிபாபா (2002), அலாவுதீன் மகன் (2003)னே போயிட்டாங்க. இத்தனைக்கும் அவங்களோட சினிமாப் பிரிவு மீடியா ட்ரீம்ஸ்ல ஸ்ரீரங்கத்துல வளர்ந்த சுஜாதாவே இருந்தார்.

விபீஷணன் கொண்டுபோன ரங்கநாதரைக் காவிரிக்கரையில இறக்கி வெச்சுட்டு, மலைக்கோட்டை உச்சிக்கு ஓடி, அங்கே குட்டு வாங்கின பிள்ளையார் கதை போதாதா? ஆறு, மலை, துரத்தல், குறும்புப் பையன்னு அனிமேஷனுக்குன்னே பொறந்த கதை சார் அது!

மெஷினை நாம சீக்கிரமே வாங்கிடறோம். நம்ம ஊர்க் கதையை நம்ம பாஷையில சொல்லத்தான் தைரியம் வரமாட்டேங்குது.