தன்னையே காதலிப்போர்

காதல் இருவர் வாழும் உலகம். அங்கே ஒருவர் மட்டும் அரியணையில் வீற்றிருக்க, மற்றவர் சாமரம் வீசி நிற்கும் நிலை வந்தால், அதற்குக் காதல் என்ற பெயர் பொருந்துமா?

நீரில் தன் உருவத்தைக் கண்டு மயங்கி, அதைப் பிரிய மாட்டாமல் மாய்ந்தான் நார்சிசஸ் என்னும் இளைஞன். இது கிரேக்கர் கதை. அவன் பெயரையே ஒரு குணத்துக்குச் சூட்டினர் உளநூலார். அறிஞர் பிராய்டு 1914இல் அதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். தமிழில் தன்மோகம் எனலாம்.

தன்மோகிகள் முதற்பார்வையில் எவரையும் கவர்ந்துவிடுவர். இடர் அங்கேதான் இருக்கிறது. கனடா நாட்டு உளவியல் அறிஞர் பால்ஹஸ் 1998இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மாணவர்கள் சிறு குழுக்களாக ஏழு முறை கூடி உரையாடினர். தம்மை மிகையாக மதித்துக்கொள்வோர் முதற் கூட்டத்தில் நல்லெண்ணம் பெற்றனர். ஏழாம் கூட்டத்திலோ, அவர்களையே தற்பெருமைக்காரர் என்று கண்டனர் தோழர்கள்!

காதலிலும் இதே கதைதான். தொடக்கத்தில் புகழ்மாரி பொழியும். பிறகு? அவள் பரிசு பெற்றால் அவன் முகம் சுளிக்கிறான். தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்று அவன் சொன்னால், அவள் நாட்கணக்கில் பேச மறுக்கிறாள். ஆணிடமும் உண்டு, பெண்ணிடமும் உண்டு இக்குணம். சிறு குறை சொன்னாலும் சீற்றம். பிழையெல்லாம் எப்போதும் மற்றவருடையதே.

ஆனால், கண்ணாடி முன் நிற்பவரெல்லாம் தன்மோகி அல்லர். நோய் என்று முடிவு கட்டுவது மருத்துவர் பணி. பிணக்குற்றவர் மீதெல்லாம் அப்பெயரை வீசுவது நேர்மையும் அன்று. நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு: 'முடியாது' என்ற சொல்லை அவர் எப்படி ஏற்கிறார் என்று பாருங்கள். அன்புடையவர் வருந்துவார், ஆயினும் மதிப்பார். தன்மோகியோ தண்டிப்பார்.

தோழர்களே, தமிழ் அதிகம் கேளாத ஊரில் நம் வட்டம் சிறியது. மேடையில் மின்னும் ஒருவரை விட்டு விலகினால் மன்றத்தையே இழக்க நேருமோ என்று அஞ்சி, ஒருவர் வாய்மூடி வதைபடலாம். அத்தகையவர் விலகி வந்தால், "ஏன் பிரிந்தாய்?" என்று துருவாதீர்கள். பொங்கல் விழாவில் உங்கள் அருகே அமர இடம் கொடுங்கள். அழகு தமிழ்ப் பேச்சுக்குக் கைதட்டுவோம். அக்கைதட்டலைக் குணத்துக்கு அளித்த நற்சான்றாக்கிவிட வேண்டாம்.